ராத்திரி நாலு லார்ஜ், காலையில் கார் ஓட்டலாமா?

கேள்வி: பத்து மணிக்கு ஆரம்பித்து பன்னிரண்டுக்கு முடித்தால், காலை 6 மணிக்கு இந்திராநகரிலிருந்து ஓசூர் கிளம்பலாமா?

பதில் 1: வேண்டாம் பாஸ். ஒரு லார்ஜ், அதாவது 60 மி.லி. விஸ்கியில் சுமார் 20 கிராம் ஆல்கஹால். நாலுக்கு 80. எழுபது கிலோ ஆணுக்குக் கணக்குப் போட்டால் 100 மி.லி. ரத்தத்தில் 170 மி.கி.; மணிக்குக் குறைவதோ 15 தான். ஆறு மணிக்கும் 50 பக்கம் நிற்கும், சட்ட வரம்பு 30. காபி, மோர், குளியல் எதுவும் ஈரலை முடுக்காது.

பதில் 2: குடித்துவிட்டு ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 185, முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை ஜெயில், இரண்டும்கூட. கஞ்சாவுக்கும் அதே பிரிவுதான்.

பதில் 3: சளி மாத்திரையையும் பாருங்க. குளோர்பெனிரமின் இருந்தால் தனியாகவே தூக்கம் வரும். சரக்கோடு சேர்ந்தால் பிரேக்குக்குக் கால் போகவே தாமதமாகும்.