மறுவாசிப்பில் உறுத்திய இடம்: ஷெர்லாக் ஹோம்ஸ்

பதிவு 1

கதை எல்லோருக்கும் தெரியும் என்பதால் 'ஸ்பெக்கிள்ட் பேண்ட்' சிறுகதையின் கடைசிப் பக்கத்துக்கே வந்துவிடுகிறேன். சிறு வயதில் படித்தபோது பாம்பு மட்டுமே நினைவில் தங்கியது. சென்ற மாதம் மீண்டும் படித்தேன். மணிக்கயிற்றில் இறங்கிய பாம்பை இருட்டில் பிரம்பால் விளாசி, காற்றுத் துவாரத்தின் வழியே தன் மனைவியின் மகளைக் கொல்ல அதை ஏவிய டாக்டர் ராய்லட்டிடமே திருப்பி விரட்டிய ஹோம்ஸ், அது கடித்து நேர்ந்த அவரது சாவுக்குத் தாம் மறைமுகமாகப் பொறுப்பு என்றும், அது தம் மனச்சாட்சியைப் பெரிதாக அழுத்தப் போவதில்லை என்றும் மறுநாள் திரும்பும் வழியில் வாட்சனிடம் சொல்கிறார். இறந்தவன் கொலைகாரன்தானே என்று சமாதானம் செய்து பார்த்தேன், மனம் அடங்கவில்லை.

பதிவு 2

பாம்புக்கு வெளிச்செவி இல்லை. பால் அதன் உணவும் அன்று. ராய்லட்டின் சீழ்க்கைக்குத் திரும்பி வந்து பால் குடிக்கும் பாம்பை நம்பியவர், ஹோம்ஸின் மனச்சாட்சியில் வந்து தடுக்கி விழுவது வியப்பாக இருக்கிறது. என்னை உறுத்தியது வேறு. 1891-இல் வெளிவந்த 'ட்விஸ்டட் லிப்' கதையில், ஜான் வாட்சனை அவர் மனைவியே 'ஜேம்ஸ்' என்கிறார். அச்சுப்பிழையென எண்ணி வேறொரு பதிப்பையும் புரட்டினேன், அதிலும் ஜேம்ஸ்தான். 1887-இல் வெளிவந்த நாவலில் வாட்சனின் தோளில் பாய்ந்த போர்க்குண்டு, 1890-இல் வந்த நாவலில் காலுக்கு இறங்கியதையாவது பொறுத்துக்கொள்ளலாம்.

பதிவு 3

ஹோம்ஸ் உயிரோடு திரும்பும் 'எம்ப்டி ஹவுஸ்' கதையை முதலில் படித்துவிட்டதால், அவர் இறந்துவிட்டதாகச் சொல்லும் 'ஃபைனல் ப்ராப்ளம்' கதையில் அருவிக்கரைப் பாறையில் ஹோம்ஸின் ஊன்றுகோல் மட்டும் சாய்ந்திருப்பதை வாட்சன் காணும் இடம் என்னைக் கலக்கவே இல்லை. ஆகவே மறுபடி படிப்பவர்கள் வெளிவந்த வரிசையிலேயே படிக்க வேண்டும். கதாசிரியர் கானன் டாயில் 1893-இல் ஹோம்ஸைச் சாகடித்தார். 1901-இல் தொடங்கிய 'பாஸ்கர்வில்' நாவலை அதற்கு முந்தைய வழக்காக எழுதினார். 1903-இல்தான் அவரை உயிரோடு மீட்டார். சம்பவங்கள் நடந்த கால வரிசையில் அடுக்கிப் படித்தால், அன்றைய வாசகர்கள் காத்திருந்த அந்தப் பத்து ஆண்டுகள் மறைந்துவிடும். 56 சிறுகதைகளும் 4 நாவல்களும் இருப்பதால் நாளுக்கு ஒரு கதைக்கு மேல் வேண்டாம். முரண்பாடுகளைக் குறித்துவைக்க ஒரு நோட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவு 4 (முதல் பதிவை எழுதியவர்)

நான் வாசிப்பு வரிசையைக் கேட்கவில்லை. பாம்பு பால் குடிக்குமா என்பதும் என் ஐயம் அன்று. ஆபத்தான வளர்ப்புப் பிராணியுடன் அசட்டையாக விளையாடி மருத்துவர் இறந்தார் என்றே அதிகாரபூர்வ விசாரணை முடிகிறது. பிரம்பைப் பற்றி விசாரணையில் எவரும் வாய் திறந்ததாக வாட்சன் ஒரு வரிகூட எழுதவில்லை.