யூஎஸ்பி மட்டும் இருக்கிற பழைய லேசர் பிரிண்டர வைஃபைக்கு கொண்டு வர வழி இருக்கா?

மாடிவீட்டு டீச்சர்:
வணக்கம். வீட்ல கேனான் எல்பிபி 2900 இருக்கு, கீழ மாமாவோட ரூம்ல. மாமா பத்திரம் எழுதுறவர், பத்து வருஷத்துக்கு மேல அதுல தான் அடிக்கிறார், பிரிண்டர் மேல ஒரு குறையும் சொல்ல முடியாது. நான் மாடியில டியூஷன் எடுக்கிறேன், ராத்திரி ஒன்பது மணிக்கு மேல தான் மறுநாள் டெஸ்ட் பேப்பர் ரெடி பண்ண நேரம் கிடைக்கும், அந்த நேரத்துக்கு மாமா கம்ப்யூட்டர ஆஃப் பண்ணி மேல துணிய போட்டு மூடிட்டு சாப்பிட போயிடுவார். அப்புறம் நான் பென்டிரைவோட கீழ இறங்கி, துணிய எடுத்து, கம்ப்யூட்டர் ஆன் ஆகுற வரைக்கும் நின்னு, பிரிண்ட் எடுத்து மேல வந்து பார்த்தா மூணாவது கேள்வியில ஸ்பெல்லிங் தப்பு. திரும்ப இறங்கணும்.

வைஃபை ரூட்டர் ஹால்ல இருக்கு, மாடி வரைக்கும் சிக்னல் நல்லாவே வருது. போன மாசம் ஆன்லைன்ல ஒரு பிரிண்ட் சர்வர் பெட்டி வாங்கினேன் (கம்பெனி பேரு வேண்டாம்), ஒரு பக்கம் யூஎஸ்பி, இன்னொரு பக்கம் வைஃபை. லைட் எல்லாம் எரியுது, லேப்டாப்ல பிரிண்டர் பேரு கூட வருது, பிரிண்ட் குடுத்தா க்யூல போய் உக்காந்துக்குது, பேப்பர் மட்டும் வரல. ரிட்டர்ன் தேதியும் முடிஞ்சிடுச்சு. வைஃபை பிரச்சனையா, நான் ஏதாவது தப்பு பண்றேனா?

ரெண்டே_வரி:
புது வைஃபை பிரிண்டர் வாங்கிடுங்க மேடம். தலைவலி மிச்சம்.

மாடிவீட்டு டீச்சர்:
நல்லா ஓடுற பிரிண்டர ஓரங்கட்ட மாமா ஒத்துக்க மாட்டார் சார். 12ஏ டோனர் தெரு முனையிலயே ரீஃபில் பண்ணி குடுக்கிறாங்க, வேற எதுக்கு செலவுன்னு கேப்பார், அவர் சொல்றதும் நியாயம் தான்.

குமரன்77:
குரோம் பிரவுசர்ல கூகுள் கிளவுட் பிரிண்ட்னு ஒண்ணு இருக்குமே, அதுல பழைய பிரிண்டர ஆட் பண்ணா எங்க இருந்து வேணும்னாலும் பிரிண்ட் போகும். எங்க ஆபிஸ்ல அப்படித்தான் வச்சிருந்தோம்.

டோனர் அண்ணாச்சி:
குமரன் தம்பி, அத 2020 டிசம்பர் 31-ஓட கூகுளே இழுத்து மூடிட்டாங்க. அதுவும் போக, அதுக்கும் கீழ ஒரு கம்ப்யூட்டர் ஆன்ல இருந்தாத்தான் ஓடும், டீச்சர் பிரச்சனையே அதானே.

டீச்சர், நான் மதுரையில பிரிண்டர் சர்வீஸ் பாக்குறேன், இதே கதைய மாசத்துக்கு ரெண்டு பேராவது தூக்கிட்டு வர்றாங்க. உங்க வைஃபை மேலயும் தப்பில்ல, உங்க மேலயும் தப்பில்ல. சொல்லப்போனா அந்த பெட்டி மேல கூட பாதி தப்பு தான். இந்த மாதிரி விலை கம்மியான லேசர் பிரிண்டருக்கு சொந்த புத்தி கிடையாது. பெரிய ஆபிஸ் பிரிண்டர்ல போஸ்ட்ஸ்கிரிப்ட், பிசிஎல்னு பிரிண்டருக்கே புரியற பாஷை இருக்கும், பைல அனுப்பினா அதுவே படிச்சு பக்கமா மாத்திக்கும். 2900 அப்படி இல்ல. எந்த இடத்துல கருப்பு விழணும்னு கம்ப்யூட்டர்ல இருக்கிற டிரைவர்ங்கிற சாஃப்ட்வேர் தான் கணக்கு போட்டு ஊட்டி விடணும், இதுல கேனான் வச்சிருக்கிற சொந்த பாஷைக்கு பேரு கேப்ட். அதுல ஒரு வில்லங்கம் என்னன்னா அது ஒருவழிப் பேச்சு இல்ல. டிரைவர் "ரெடியா"ன்னு கேக்கும், பிரிண்டர் "ரெடி, பேப்பர் இருக்கு"ன்னு பதில் சொல்லணும், அப்புறம் தான் அடுத்த துண்டு டேட்டா போகும். நீங்க வாங்கினது, அனேகமா ரூட்டர் பின்னாடி இருக்கிற யூஎஸ்பி போர்ட்டும் கூட, வந்தத அப்படியே 9100-ங்கிற போர்ட் வழியா பிரிண்டர்ல கொட்டும், பதில திருப்பி கொண்டு வராது. டிரைவர் பதிலுக்கு காத்துக்கிட்டே இருக்கும், நீங்க பேப்பருக்கு காத்துக்கிட்டே இருப்பீங்க.

அதனால எந்த பெட்டிய வாங்கறதுக்கு முன்னாடியும் பிரிண்டர் என்ன பாஷை பேசுதுன்னு பாக்கணும். உங்க கேசுக்கு நடுவுல ஒரு முழு கம்ப்யூட்டர் இருக்கணும், அவ்வளவு தான். வீட்ல பழைய லேப்டாப் ஏதாவது கிடக்குதா? ஸ்கிரீன் போனது, பேட்டரி செத்தது எதுவா இருந்தாலும் சரி.

பை_பைத்தியம்:
ராஸ்பெர்ரி பை ஜீரோ டபிள்யூ-ன்னு வைஃபை இருக்கிற குட்டி கம்ப்யூட்டர் ஒண்ணு வாங்கி, கப்ஸ்-ங்கிற லினக்ஸ் பிரிண்ட் சாஃப்ட்வேர போட்டா தீப்பெட்டி சைஸ்ல முடிஞ்சிடும். நான் எச்பி 1020-க்கு அப்படித்தான் வச்சிருக்கேன். அதுலயும் ஒரு கூத்து உண்டு, பிரிண்டர ஒவ்வொரு தடவ ஆன் பண்ணும்போதும் அதோட ஃபர்ம்வேர (பிரிண்டருக்குள்ள ஓடுற சாஃப்ட்வேர்) கம்ப்யூட்டர் தான் உள்ள ஏத்தணும், ஆஃப் பண்ணா மறந்துடும், கஜினி மாதிரி. ஆனா லினக்ஸ்ல அதுக்கு டிரைவர் இருக்கு, ஒரு தடவ செட் பண்ணா தொந்தரவில்ல, ஃபோன்ல இருந்தும் பிரிண்ட் போகுது.

டோனர் அண்ணாச்சி:
1020-க்கு சரி தம்பி. 2900-க்கு கேனான் குடுத்த லினக்ஸ் டிரைவர் இன்டெல் டைப் பிராசசருக்கு மட்டும் தான், பை-ல ஓடாது. வெளிய ஆர்வலர்கள் எழுதின டிரைவர் ஒண்ணு இருக்கு, உங்கள மாதிரி ஆளுங்க நோண்டலாம், டெஸ்ட் பேப்பர் அடிக்க வேண்டிய டீச்சர அதுல தள்ள வேண்டாம்.

காரை வண்டி:
நடுவுல என் டவுட்டு. என் பிரிண்டர்ல லேன் வயர் சொருகுற ஓட்டை இருக்கு, ஆனா வைஃபை இல்ல, ரூட்டர் இருக்கிற ரூமுக்கு வயர் இழுக்க முடியாது. எனக்கும் கம்ப்யூட்டர் வேணுமா?

டோனர் அண்ணாச்சி:
உங்களுக்கு ரொம்ப சுலபம். கிளையன்ட் மோட் இருக்கிற குட்டி ரூட்டர் ஒண்ணு (டிபி-லிங்க் டபிள்யூஆர் 802என் மாதிரி) வாங்கி பிரிண்டர் பக்கத்துல வைங்க, அது வீட்டு வைஃபைய பிடிச்சு லேன் வயரா மாத்தி குடுக்கும். மெயின் ரூட்டர்ல பிரிண்டருக்கு ஒரே ஐபி அட்ரஸ நிலையா ஒதுக்கிடுங்க, இல்லன்னா கரண்ட் போய் வந்ததும் அட்ரஸ் மாறி "ஆஃப்லைன்"னு காட்டும். கெஸ்ட் வைஃபைல மட்டும் கோர்க்காதீங்க, அதுல ஒரு சாதனத்துக்கு இன்னொண்ணு கண்ணுக்கே தெரியாது.

மாடிவீட்டு டீச்சர்:
அண்ணாச்சி, என் காலேஜ் காலத்து லேப்டாப் பரண்ல இருந்துச்சு, மூடி கீல் உடைஞ்சு பேட்டரி சுத்தமா போயிடுச்சு, சார்ஜர் சொருகினா மட்டும் ஓடுது. விண்டோஸ் 10, 64 பிட். நேத்து பிரிண்டர் பக்கத்துல வச்சு டிரைவர் போட்டேன், அதுல இருந்து பிரிண்ட் ஜோரா வருது. ஷேர் பண்ணிட்டு மாடியில விண்டோஸ் 11 லேப்டாப்ல ஆட் பண்ணா கடைசியில 11பி-ன்னு முடியற ஒரு எரர் வருது, முன்னாடி பூஜ்யமா இருக்கு.

ஸ்பூலர் சித்தப்பா:
அந்த 11பி பழைய நண்பன். 2021-ல விண்டோஸோட பிரிண்ட் பகுதியில பிரிண்ட் நைட்மேர் உட்பட சில பாதுகாப்பு ஓட்டைங்க வெளிய வந்துச்சு, அதுகள அடைக்க மைக்ரோசாஃப்ட் வரிசையா அப்டேட் விட்டாங்க, அந்த செப்டம்பர் அப்டேட்டுக்கு அப்புறம் பாதி ஆபிஸ்ல ஷேர் பிரிண்டர் படுத்துடுச்சு. பெரும்பாலும் ஒரு பக்கம் அப்டேட் ஆகி இன்னொரு பக்கம் ஆகாம இருந்தா தான் வரும். பரண்ல கிடந்த லேப்டாப்புன்னா அதுவா தான் இருக்கணும், முதல்ல அதுக்கு எல்லா அப்டேட்டும் போட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க. ரெஜிஸ்ட்ரியில (விண்டோஸோட உள் செட்டிங்ஸ் இருக்கிற இடம்) ஒரு வேல்யூவ பூஜ்யமாக்கினா போயிடும்னு யூடியூப்ல நூறு வீடியோ இருக்கு, வேலையும் செய்யும், ஆனா அடைச்ச ஓட்டைய திரும்ப தொறக்கிற வேலை அது, கடைசி வழியா வச்சுக்கோங்க.

கூடவே, பழைய லேப்டாப்ல பாஸ்வேர்டோட ஒரு யூசர் அக்கவுன்ட் வச்சு, மேல இருந்து கேக்கும்போது அந்த பேரு பாஸ்வேர்டையே குடுங்க. பிரிண்டர் ஷேர் பேருல ஸ்பேஸ் வேண்டாம். ரெண்டுலயும் வைஃபை "பிரைவேட்"னு இருக்கணும், "பப்ளிக்"னு இருந்தா ஃபயர்வால் விடாது. மேல டிரைவர் இறங்கும்போது அட்மின் அனுமதி கேக்கும், ஒரு தடவ தான்.

மாடிவீட்டு டீச்சர்:
வந்துடுச்சு!! அப்டேட் போடவே ரெண்டரை மணி நேரம் ஆச்சு, பாஸ்வேர்ட் குடுத்ததும் ஆட் ஆயிடுச்சு, ரெஜிஸ்ட்ரி பக்கமே போகல. மாடியில இருந்து குடுத்ததும் கீழ கரகரன்னு சத்தம் கேட்டு மாமா சாப்பாட்ட விட்டு எந்திரிச்சு போய், யாரும் இல்லாம பேப்பர் வர்றத பார்த்துட்டு "ஏம்மா, இது தானா அடிக்குது"ன்னு கத்தினார். இப்ப பேப்பர எடுத்து படிக்கட்டுல வச்சுட்டு போறார்.

ஒரே பிரச்சனை, லேப்டாப் மூடிய மூடினா தூங்கிடுது. அவருக்கு கம்ப்யூட்டர்ல வேலை இருந்தா யூஎஸ்பி வயர மாத்தணுமா?

டோனர் அண்ணாச்சி:
பவர் ஆப்ஷன்ஸ்ல "மூடிய மூடினா என்ன செய்யணும்"னு ஒரு இடம் இருக்கும், "ஒண்ணும் செய்ய வேண்டாம்"னு வைங்க, ஸ்லீப்ப "எப்பவும் வேண்டாம்"னு வைங்க. வயர தொடாதீங்க, மாமா கம்ப்யூட்டர்லயும் இதே ஷேர் பிரிண்டர ஆட் பண்ணிடுங்க.

பேட்டரி இல்லாததால கரண்ட் போனா லேப்டாப் அணைஞ்சிடும், வந்ததும் தானா ஆன் ஆகாது, கை வச்சு தான் ஆன் பண்ணணும். அதுக்காக சின்ன யூபிஎஸ் வாங்கினா லேப்டாப்பையும் ரூட்டரையும் மட்டும் அதுல சொருகுங்க. லேசர் பிரிண்டர யூபிஎஸ்ல போடவே கூடாது, உருளை சூடாகும்போது கரண்ட ஒரே இழுப்பா இழுக்கும், யூபிஎஸ் கத்திட்டு படுத்துடும். அந்த பெட்டிய தூக்கி போடாதீங்க, பிசிஎல் பேசுற யூஎஸ்பி பிரிண்டர் யாராவது வச்சிருந்தா வாங்கிக்குவாங்க.