1972 தீர்ப்பு அர்ச்சகர் சட்டத்தை ரத்து செய்ததா?

கொற்கையன்:
"அனைத்துச் சாதியினரையும் அர்ச்சகராக்கும் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1972இலேயே ரத்து செய்துவிட்டது; இனி அதைப் பேசுவது பக்தர்களைப் புண்படுத்தும் வேலை" என்று திருவெண்காட்டான் நேற்று இங்கே எழுதியிருந்தார். அது பொய். 1971ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அர்ச்சகர் பதவிக்கு இருந்த வாரிசுரிமையை ஒழித்தது. அதை எதிர்த்து வந்த சேஷம்மாள் வழக்கில் 1972இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தச் சட்டம் செல்லும் என்றது. செல்லும் என்று சொல்லப்பட்ட சட்டம் எப்படி ரத்தாகும்?

திருவெண்காட்டான்:
பாதித் தீர்ப்பைப் படித்துவிட்டு என்னைப் பொய்யன் என்கிறீர்கள். ஆகமத்தில், அதாவது கோயில் வழிபாட்டு முறைகளைச் சொல்லும் நூலில், விதிக்கப்பட்ட பிரிவைச் சேராதவர் மூர்த்தியைத் தொட்டால் புனிதம் கெடும் என்ற நம்பிக்கையையும், ஆகமத்துக்கு மாறான நியமனத்தை நீதிமன்றத்தில் எதிர்க்கலாம் என்பதையும் அதே தீர்ப்பு ஏற்றிருக்கிறது. வாரிசுரிமை போனது, ஆகமம் நின்றது. சட்டத்தின் நோக்கமே நிறைவேறாதபோது, ரத்து என்று நான் சொன்னதில் என்ன பிழை?

கொற்கையன்:
சொல்லிலேயே பிழை இருக்கிறது. அர்ச்சகரை நியமிப்பது சமயச் சார்பற்ற செயல் என்று அந்தத் தீர்ப்பு சொன்னதா இல்லையா? தந்தை அர்ச்சகர் என்பதற்காக மகனுக்கு அந்தப் பதவி போய்ச் சேர வேண்டியதில்லை என்றதா இல்லையா? ரத்து செய்யவில்லை என்ற இரண்டு சொற்களை எழுத ஏன் இத்தனை தயக்கம்?

மருதத்துறை மங்கை:
பிறப்பைப் பற்றியே இருவரும் பேசுகிறீர்கள். ஒழுக்கத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதிகாலையில் குளிர்ந்த நீரில் நீராடி, புலால் தவிர்த்து, பொய் சொல்லாமல் வாழ்கிற ஒருவர் கருவறைக்குள் நிற்கத் தகுதியற்றவர் என்றும், அப்படி வாழாத ஒருவர் குலத்தினாலேயே தகுதி பெறுகிறார் என்றும் சொன்னால், என் பாட்டி எனக்குச் சொல்லிக் கொடுத்த சைவத்தில் அதற்கு இடமில்லை. கண்ணப்பர் கொடுத்த ஊனையே ஏற்ற இறைவன் அல்லவா அவன்?

திருவெண்காட்டான்:
கண்ணப்பரைக் காட்டாதவர் இந்த விவாதத்தில் எவருமில்லை. கண்ணப்பர் நாயனாரானார், காளத்திக் கோயிலின் அர்ச்சகராகவில்லை. திருப்பாணாழ்வாரை உலோகசாரங்க முனிவர் தோளில் சுமந்துகொண்டு அரங்கன் முன் நிறுத்தினார். பூசைப் பொறுப்பை ஒப்படைக்கவில்லை. பக்தியால் அடைகிற உயர்வு வேறு, தீட்சையால் வருகிற கடமை வேறு. தமிழ் அர்ச்சனை விவாதத்திலும் தாங்கள் இதே உணர்ச்சியைத்தான் வாதமாக வைத்தீர்கள்.

மருதத்துறை மங்கை:
அன்று தேவாரத்தை "வெறும் பாட்டு" என்று தாங்கள் எழுதியதை நான் இன்னும் மறக்கவில்லை.

பொதிகை அடிவாரம்:
பள்ளிவாசலிலும் தேவாலயத்திலும் நுழையாத அரசு, கோயிலில் மட்டும் ஏன் அர்ச்சகரைத் தேர்ந்தெடுக்கிறது என்பதைத்தான் முதலில் பேச வேண்டும். எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் ஒருகால பூசைக்கு எண்ணெய் வாங்கக்கூடப் பணமில்லை. குருக்கள் தம் கைக்காசில் விளக்கேற்றுகிறார். அவருடைய சாதியைப் பேசுகிற எவரும் அவருடைய சம்பளத்தைப் பேசுவதில்லை.

கொற்கையன்:
தாங்கள் சொல்லும் குருக்களின் வறுமை உண்மைதான். அதற்குத் தனியாக எழுதுங்கள், நானும் வருகிறேன். இங்கே கேட்கப்படுவது ஒரே கேள்வி. தகுதியுள்ள எல்லாச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்று 2006இல் வந்த அரசாணையை 2015 டிசம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்ற அமர்வும் ரத்து செய்யவில்லை. அந்த அரசாணைக்குப் பிறகு பயிற்சி முடித்த இளைஞர்கள் 200க்கும் மேற்பட்டோர். மந்திரம் கற்றுத் தீட்சையும் பெற்ற அவர்கள் பல ஆண்டுகள் வேலையில்லாமல் காத்திருந்தார்கள். 2021 ஆகஸ்ட் 14 அன்றுதான் அவர்களில் 24 பேருக்குப் பணி ஆணை கிடைத்தது. "1972இலேயே ரத்து" என்று நம்மூர்த் திண்ணைகளில் சொல்லப்பட்ட பொய்க்கு அந்த இளைஞர்களின் ஆண்டுகள் விலையாகப் போயின. அதனால்தான் இந்த ஒரு சொல்லை நான் விடமாட்டேன்.

திருவெண்காட்டான்:
2015 தீர்ப்பு ஒவ்வொரு கோயிலையும் அதனதன் ஆகமப்படி தனித்தனியாகப் பார்க்கச் சொன்னதை விழுங்கிவிட்டீர்கள். அர்ச்சகர் நியமனத்துக்கான அரசின் புதிய பணி விதிகள் ஆகமக் கோயில்களுக்குப் பொருந்தா என்று 2022 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதையும் விழுங்கிவிட்டீர்கள். காமிகம், காரணம், வைகானசம் ஆகிய ஆகமங்களைப் படித்தவன் நான். எனக்குச் சட்டம் கற்பிக்க வேண்டாம்.

கொற்கையன்:
அந்த விதிகள் ஆகமம் இல்லாத கோயில்களுக்குச் செல்லும் என்றும், எவை ஆகமக் கோயில்கள் என்று கண்டறியக் குழு வேண்டும் என்றும் அதே தீர்ப்புதான் சொன்னது. தாங்கள் எத்தனை ஆகமம் படித்திருந்தாலும், நான் கேட்பது 1972ஆம் ஆண்டைப் பற்றி மட்டுமே. ரத்து செய்ததா, இல்லையா?

பொதிகை அடிவாரம்:
எண்ணெய்க்கு இன்னும் விடை வரவில்லை.

திருவெண்காட்டான்:
நான் எழுதியது எழுதியதுதான்.

கொற்கையன்:
சட்டம் செல்லும் என்று சொன்ன தீர்ப்பின் பத்தியை இன்று இரவு முழுமையாகத் தட்டச்சு செய்து இங்கேயே போடுகிறேன்.