ஓலை வடத்தால் பவளப்பார் மீன் வளைக்க பத்துப் பேர் போதுமா?

நீர்க்காகம்:
பிஜியில் ஊரே கூடி, தென்னோலை சுற்றிய கொடியைக் கடலில் இழுத்து மீன் வளைப்பார்களே, ‘யவிராவு’, அதைக் குடும்ப அளவில் செய்ய முடியுமா? பிள்ளைகளோடு சேர்த்துப் பத்துப் பேர் இருக்கிறோம். எவ்வளவு நீளம், எத்தனை மட்டை?

வடக்கயிறு:
100 மீட்டரைத் தாண்டாதீர்கள். ஆளுக்கு 10 மீட்டர் வரும், அதுவே அதிகம். பச்சை மட்டை 20 வெட்டி, தண்டை நெடுக்காகப் பிளந்தால் 40 பாதி. ஒவ்வொன்றையும் வடத்தில் புரிபுரியாகச் சுற்றுங்கள். ஒன்றின் நுனிமேல் அடுத்ததன் அடி ஏறட்டும், கீற்று நாலாபுறமும் விரிந்து நிற்கட்டும். காய்ந்த ஓலை வேண்டாம், மிதந்துவிடும். மீன் அடியால் போகும்.

வற்றம் (கடல்நீர் இறங்குவது) தொடங்கும்போது இடுப்பளவு நீரில், கரையைப் பார்த்த அரைவட்டமாக இறக்குங்கள். நீர் வடிய வடிய நெருக்கவேண்டும், அவசரம் ஆகாது. முழங்காலளவு ஆனதும் நுனிகளைச் சேர்த்து வளையமாக்கி, அது முற்றம் அளவுக்குச் சுருங்கியபின் உள்ளே சிறுவலையை நிறுத்தி ஓட்டுங்கள்.

பார்க்கிளி:
மேலே சொன்னது சரி, ஆனால் காரணம் தெரியாமல் இழுத்தால் வெறுங்கைதான். வடம் எதையும் பிடிப்பதில்லை. ஆடும் கீற்றையும் அதன் நிழலையும் பார்த்து மீன் மிரள்கிறது, அவ்வளவே. ஒருவர் ஆட்டுவதை நிறுத்தினால் அங்கே வாசல் திறந்ததுபோல. அதனால் பிள்ளைகளைப் பெரியவர்களுக்கு இடையிடையே நிறுத்துங்கள். கலங்கிய நீரிலும் இருட்டிலும் பலிக்காது.

ஓரா, நகரை, விளமீன், கிளிமீன் வரும். மடவை துள்ளித் தாண்டும். கலவா ஓடாது, பொந்தில் புகுந்துகொள்ளும். அதை விடுங்கள் (பிஜியில் ஜூன் முதல் செப்டம்பர் வரை கலவா பிடிக்கத் தடையும் உண்டு).

நீர்க்காகம்:
வடம் கல்லில் மாட்டினால்? தூக்கி எடுக்கலாமா?

வடக்கயிறு:
தூக்கினால் அடியில் முழ இடைவெளி விழும், கூட்டம் முழுக்க அதில் வெளியேறும். ஒருவர் முங்கி, பக்கவாட்டில் நகர்த்தி விடுவிக்கட்டும். அடிக்கடி மாட்டுகிறதென்றால் இடமே தப்பு. மணலும் கடற்புல்லும் உள்ள திட்டைத் தேர்ந்தெடுங்கள், உயிருள்ள பவளத்தில் ஏறி மிதிக்காதீர்கள்.

பார்க்கிளி:
கெட்டி அடி வைத்த செருப்பு எல்லாருக்கும் வேண்டும். கல்மீன் கண்ணுக்குத் தெரியாது. ஓரா முள்ளிலும் விஷம் உண்டு. குத்தினால் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் அமிழ்த்தி, மருத்துவரிடம் காட்டுங்கள்.

‘துவா’ வேரை நசுக்கிப் போடச் சொல்பவர்கள் இருப்பார்கள். அது நஞ்சு, சட்டவிரோதம், குஞ்சும் மிஞ்சாது. இன்னொன்று: பிஜியில் கரையோரக் கடல் ஒரு குலத்தின் ‘ங்கோலிங்கோலி’, அதாவது மரபுவழி மீன்பிடி எல்லை. மட்டை வெட்டுவதற்கு முன்பே யங்கோனா (காவா பானத்துக்கான) வேரோடு ஊர்த்தலைவரிடம் போய் அனுமதி கேளுங்கள்.