மால்ஹாம் கோவ் உச்சிக்குப் படியேறாமல் செல்ல வழி உண்டா?

வணக்கம். வருகிற மே மாதம், முழங்கால் தேய்மானம் உள்ள என் அம்மாவை இங்கிலாந்தின் வடக்கு யார்க்ஷயரில் உள்ள மால்ஹாம் கிராமத்துக்கு அழைத்துச் செல்கிறேன். சுமார் 80 மீட்டர் உயரமுள்ள மால்ஹாம் கோவ் பாறைச்சுவரின் உச்சியில், மழைநீர் அரித்த வெடிப்புகளுக்குள் பெரணிகள் முளைத்திருக்கும் சுண்ணாம்புக்கல் தளத்தைத்தான் அவர் பார்க்க ஆசைப்படுகிறார். தாவரவியல் ஆசிரியராக இருந்தவருக்கு அதைக் காட்டாமல் திரும்ப எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கிராமத்திலிருந்து செல்லும் பாதையில் ஏறத்தாழ 400 கற்படிகள் உள்ளன.

மால்ஹாம் டார்ன் ஏரிப் பக்கமிருந்து வரும் பாதைகளை ஆர்ட்னன்ஸ் சர்வே (பிரிட்டனின் தேசிய நில அளவை நிறுவனம்) வரைபடத்தில் பார்த்தேன். உயரக்கோடுகள் தெரிகின்றனவே தவிர, கல்வேலிகளைத் தாண்டும் இடங்களில் இருப்பது கதவா, ஏறுபடியா என்று தெரியவில்லை. தங்கும் விடுதியில் கேட்டும் தெளிவான பதில் கிடைக்கவில்லை. ஸ்கிப்டன் நகரிலிருந்து காரில் வருவோம். அம்மாவால் கைத்தடியுடன் அரை மணி நேரம் நடக்க முடியும்.

காரை மேலே நிறுத்திவிட்டு, அந்தத் தளத்தின் ஓரம் வரையாவது அவரை அழைத்துச் செல்ல எந்தப் பாதை உகந்தது?