நற்செய்தியை மனக்கண்ணால் பார்த்துச் செபிக்கலாமா?

பாலக்கோடு வாசகி:
இயேசுவுக்கே புகழ். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, வேலைக்கு பஸ் ஏறுவதற்கு முன்னால் அன்றைய நற்செய்தியைப் படிப்பது என் வழக்கம். படித்ததும் 'இதில் எனக்கு என்ன பாடம்' என்று யோசிப்பேன், கொஞ்ச நாளாக அது வறண்டு போய்க் கிடக்கிறது. தவக்காலத் தியானத்தில் சாமியார் "காட்சிக்குள்ளே போய் நில்லுங்கள்" என்றார். கிணற்றடியில் இயேசு சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்கும் பகுதியை (யோவான் 4) அப்படிப் படித்தபோது எங்கள் கொல்லைக் கிணறுதான் கண்முன் வந்தது, அவள் இடுப்பில் பிளாஸ்டிக் குடம்! இது வேதத்தோடு நாமாக ஒன்றைச் சேர்ப்பது ஆகாதா? கற்பனை பண்ணினால் சாத்தான் நுழைந்துவிடுவான் என்று அன்பியத்தில் (எங்கள் பகுதிக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் குழு) ஒரு அக்கா வேறு சொல்லிவிட்டார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எலத்தகிரி வாத்தியார்:
பயப்படாதீங்கம்மா, இது திருச்சபையில் பழைய வழிதான். 1521-ல் ஸ்பெயினில் நடந்த பாம்ப்லோனா சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் உடைந்து படுத்த படுக்கையாகக் கிடந்த இஞ்ஞாசியார் (பின்னால் இயேசு சபையைத் தொடங்கிய புனிதர்), வீரசாகசக் கதைகள் கேட்டாராம். வீட்டில் இருந்ததோ கிறிஸ்துவின் வாழ்க்கையும் புனிதர்கள் வரலாறும்தான். படித்துப் படித்து மனதில் ஓட்டிப் பார்த்ததில், போர்ப்பெருமையைப் பற்றிய கனவு முடிந்ததும் மனம் வெறுமையாகிவிடுகிறது, புனிதர்களைப் போல வாழும் கனவு முடிந்த பிறகும் மகிழ்ச்சி தங்குகிறது என்று கவனித்தார். அவருடைய 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலுக்கு 1548-ல் திருத்தந்தை மூன்றாம் பவுல் ஒப்புதல் தந்தார். அதில் பெத்லகேமுக்குப் போகும் பாதை நீளமா, அகலமா, சமதளமா, மேடுபள்ளமா என்று பார்க்கச் சொல்கிறார், இயேசு பிறந்த குகையில் ஓர் ஏழைப் பணியாளாக நீயும் நின்று வேலை செய் என்கிறார்.

உங்கள் பகுதிக்கே வருவோம். நேரம் நண்பகல். நம்ம பக்கம் அந்த வெயிலில் யார் தண்ணீர் எடுக்கப் போவார்கள்? காலையிலும் சாயங்காலமும் கூட்டமாகத்தான் போவார்கள். இவள் தனியாக வருகிறாள். இயேசுவோ நடந்து களைத்துக் கிணற்றோரம் உட்கார்ந்திருக்கிறார், மொள்ள ஒரு பாத்திரம்கூட இல்லை, கிணறு ஆழம். அந்த இடத்திலேயே நில்லுங்கள், அவர் முகத்தைப் பாருங்கள். அப்புறம் அவள் குடத்தை அங்கேயே விட்டுவிட்டு ஊருக்குள் ஓடுகிறாள், அந்தக் குடத்தின் பக்கத்தில் இப்போது நீங்களும் அவரும்தான். பேசுங்கள். கடைசியில் ஒரு நண்பனிடம் பேசுவதுபோல ஆண்டவரிடம் பேசச் சொல்கிறார் இஞ்ஞாசியார், காட்சி எல்லாமே அதற்காகத்தான். பிளாஸ்டிக் குடம் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஓசூர் சகோதரி:
நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை, சீர்திருத்த சபை). அந்த அக்காவின் பயத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. கற்பனையில் இயேசு "இந்த வரனை முடி", "இந்த வேலையை விடு" என்று சொன்னதாக வைத்துக்கொண்டு முடிவெடுப்பது ஆபத்து. முடித்ததும் அதே பகுதியை இன்னொரு தரம் மெதுவாக வாசியுங்கள். மனதில் பேசியவர் சுவிசேஷத்தில் இருக்கும் இயேசுவைப் போலவே இல்லையென்றால் அதை விட்டுவிடுங்கள்.

ஆனால் கற்பனையே கூடாது என்றால் இன்னொருவன் மனைவியை எடுத்துக்கொண்ட தாவீது ராஜாவிடம் நாத்தான் தீர்க்கதரிசி போனதை என்ன செய்வது? (2 சாமுவேல் 12) நேராகக் குற்றம் சாட்டாமல், ஏழை ஒருவன் மடியில் படுத்துத் தூங்கி, அவன் பாத்திரத்திலேயே குடித்து வளர்ந்த ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் ஒருவன் பிடுங்கிக்கொண்ட கதையைச் சொன்னார். தாவீது கதைக்குள் போய் நின்றதால்தான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, "அந்த மனுஷன் நீரே" என்ற வார்த்தையும் உள்ளே இறங்கியது.

தென்பெண்ணைக் கரை:
கண்ணை மூடினால் ஒன்றுமே தெரியாத ஆட்களும் உண்டு, நான் அந்த ரகம். செபத்தைப் பற்றி நிறைய எழுதிய புனிதை அவிலா தெரேசாவே தனக்குக் கற்பனையில் உருவம் வராது, இருட்டில் நிற்பவருக்குப் பக்கத்தில் ஆள் இருப்பது தெரிவதுபோல, கிறிஸ்து இருக்கிறார் என்று மட்டும் தெரியும் என்று எழுதியிருக்கிறார். எனக்கு வாசனைதான் வழி. யோவான் 21-ல் உயிர்த்த இயேசு சீடர்களுக்காகக் காத்திருக்கும் கரையில் கரிநெருப்பு, அதன்மேல் மீன். அதே நற்செய்தியில் 18-ம் அதிகாரத்திலும் கரிநெருப்பு உண்டு, இயேசு பிடிபட்ட ராத்திரி பேதுரு குளிர்காய்ந்துகொண்டே "நான் அவர் சீடன் இல்லை" என்று சொன்ன முற்றத்தில். படகிலிருந்து குதித்து ஈரத்துணியோடு கரையேறும் பேதுருவின் மூக்கில் அந்தப் புகை ஏறியிருக்குமே, நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும்! அதற்குமேல் எனக்குப் படமே தேவைப்படுவதில்லை, அழுகை வந்துவிடுகிறது.

பாலக்கோடு வாசகி:
மூவருக்கும் நன்றி. நாத்தான் கதையை இந்த வாரம் அன்பியத்தில் அக்காவையே வாசிக்கச் சொல்லப் போகிறேன். பிள்ளைகளோடு ராத்திரி செபத்தில் இதைச் செய்யலாமா? சின்னவனுக்கு ஆறு வயசு.

எலத்தகிரி வாத்தியார்:
தாராளமாக. மாற்கு 4, புயலில் படகு. ஒகேனக்கல் பரிசலில் போயிருப்பான் இல்லையா, அது ஆடும்போது இயேசு தலையணை வைத்துத் தூங்குகிறார் என்று சொல்லிவிட்டு, "நீ அவரை எழுப்புவியா?" என்று கேளுங்கள். பதிலை அவனே சொல்லட்டும், நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள்.