விண்டோஸ் 10-க்கு மாற்றாக எந்த லினக்ஸ்? அவசரம்

மஞ்சக்குப்பம்வாசி: வணக்கம். மனுக்கள் தட்டச்சு செய்து கொடுக்கும் சிறிய கடை வைத்திருக்கிறேன். விண்டோஸ் 10-க்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த இலவசப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன. விண்டோஸ் 11 என் கணினியில் ஏறாதாம். இலவச இயங்குதளமான லினக்ஸின் எந்த வகை நல்லது? நாளை ஞாயிறு, கடை விடுமுறை. நாளைக்குள் முடித்தாக வேண்டும்.

தாழங்குடா: செயலி எது, நினைவகம் எவ்வளவு, தமிழ் எந்த முறையில் தட்டுகிறீர்கள்?

புதுவை டெபியன்: இவற்றைச் சொல்லாமல் கேட்பது, நோயாளியை வீட்டில் விட்டுவிட்டு வைத்தியரிடம் வந்ததற்குச் சமம். இந்த மன்றத்தின் பழைய இழைகளைப் படித்திருந்தால், டெபியன் என்ற லினக்ஸ்தான் என்று நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள்.

மஞ்சக்குப்பம்வாசி: சாதாரணக் கணினிதான் ஐயா. 2017-இல் வாங்கிய ஐ3, 4 ஜிபி. தமிழ் வந்தால் போதும்.

கெடிலக்கரை: வன்தட்டா, அதைவிட வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகமா? வன்தட்டு என்றால் எதைப் போட்டாலும் ஊர்ந்துதான் போகும். முதலில் எஸ்எஸ்டி வாங்குங்கள்.

தாழங்குடா: அது பிறகு. லினக்ஸ் மின்ட் 22-இன் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு 4 ஜிபிக்குப் போதும். 2029 வரை புதுப்பிப்பும் உண்டு. பென்டிரைவில் எழுதி அதிலிருந்தே இயக்கிப் பாருங்கள், வன்தட்டில் எதுவும் மாறாது. அச்சுப்பொறியை மறக்காமல் சோதியுங்கள். கோப்புகள் ஆங்கில எழுத்துகளைத் தமிழாகக் காட்டும் பாமினி எழுத்துருவிலா, தமிழுக்கே தனிக் குறியீடு உள்ள யூனிகோடிலா?

மஞ்சக்குப்பம்வாசி: பாமினி. பத்து வருடக் கோப்புகள்.

புதுவை டெபியன்: 2010-இலேயே தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்ற பிறகும் பாமினியா? அந்தக் கோப்பைக் கைப்பேசியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகள்தான் தெரியும். எல்லாவற்றையும் மாற்றிவிட்டு லினக்ஸுக்கு வாருங்கள்.

கெடிலக்கரை: வாசலில் ஆள் நிற்கும்போது பத்து வருடக் கோப்பை யார் மாற்றுவது? பாமினி வெறும் எழுத்துருதான், லினக்ஸிலும் நிறுவலாம். ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி (jkpo;) என்று தட்டினால் அங்கேயும் ‘தமிழ்’ என்றே வரும்.

புதுவை டெபியன்: வரும், ஆனால் அதை யூனிகோடு தமிழில் தேடவோ அகரவரிசைப்படுத்தவோ முடியாது. கடைக்காரரின் சோம்பலுக்கு நீங்கள் வக்காலத்து வாங்குகிறீர்கள்.

கெடிலக்கரை: அவர் கேட்டது இயங்குதளம், இலக்கணம் அல்ல.

தாழங்குடா: இருவரும் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். லினக்ஸில் தட்டச்சு செய்யப் பயன்படும் லிப்ரே ஆபீஸ், வாக்கியத்தின் முதல் ஆங்கில எழுத்தைத் தானாகப் பெரிய எழுத்தாக்கும். பாமினியில் பெரிய எழுத்து வேறு தமிழ் எழுத்து என்பதால் ஒவ்வொரு வாக்கியமும் பிழையாகத் தொடங்கும். தானியங்கித் திருத்தத்தில் அதை அணைத்த பிறகு தட்டுங்கள். புதிய வேலைகளை மட்டும் தமிழ்99 விசைப்பலகை முறையில், யூனிகோடில் தொடங்கலாம்.

மஞ்சக்குப்பம்வாசி: பென்டிரைவில் பார்த்தேன். பாமினி சரியாக வருகிறது, நன்றி. அச்சுப்பொறி அசையவில்லை. விண்டோஸை இன்னும் அழிக்கவில்லை.

தாழங்குடா: நல்லது, அழிக்காதீர்கள். அச்சுப்பொறி என்ன மாதிரி?

தாழங்குடா: மாதிரி எண் அதன் பின்புறம் ஒட்டியிருக்கும். கடையில் இருக்கிறீர்களா?